அழுதவருக்குக் காந்தல்

அந்த வீட்டில் சோற்றுப்பானையின் அடிக் காந்தல் அழுதவருக்குத்தான். பெரியவர்கள் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு அல்ல அது. பன்னிரண்டு வயதில் கரண்டி பிடித்த அண்ணன், தம்பி தங்கையின் அடிதடி பொறுக்காமல் ஒருநாள் சொன்னான். அதுவே சட்டமாகிவிட்டது.

அப்பா வேலை தேடிப் போனவர், போனவர்தான். அம்மாவுக்கு நூல் ஆலையில் பிற்பகல் முறை. அவள் வருவதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். அவள் சமைத்து வைக்காத நாளில் அண்ணன் அடுப்புப் பற்றவைப்பான். அவனுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அடி கனத்த இரும்புப் பானையில் வெங்காயத்தைச் செங்கல் நிறம் வரும்வரை வதக்குவான். உருளைக்கிழங்கை வட்டவட்டமாக நறுக்கி அடியில் பரப்புவான். மேலே கழுவிய அரிசி, உப்பு, இடித்த மிளகு, விரலின் முதல் கோடு மூழ்குகிற அளவு தண்ணீர். மூடியின்மேல் ஒரு கல். தீயைத் தணித்துவிட்டு அங்கேயே குந்தியிருப்பான். முதலில் வெங்காய வாசம் வரும். பிறகு சோற்று வாசம். அப்புறம் அந்த வாசமே லேசாகக் கசக்கிற மாதிரி திரும்பும். திரும்பியதும் நூறு எண்ணி இறக்கிவிடுவான். தொண்ணூறில் இறக்கினால் காந்தல் பிடிக்காது. நூற்றுப்பத்தில் வெறும் கரி.

பானைச் சோறு என்று அதற்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சோற்றுக்கு யாரும் சண்டை போட்டதில்லை. அடியில் பிடித்திருக்கும் அந்தக் காந்தலுக்குத்தான் சண்டை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கிழங்கு பாகாகி ஒட்டிக்கொண்டு, ஒரு தட்டளவு இருக்கும். இரண்டாகப் பிய்த்தால் உடைந்து தூளாகிவிடும் என்பது அண்ணனின் வாதம். அதனால் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பான்:

“இன்னைக்கு யாரு அழுதது?”

வீட்டுக்குள் அழுதது கணக்கில் வராது. காந்தலுக்காக அழுதது சேர்த்தியே இல்லை. பள்ளிக்கூடத்திலோ தெருவிலோ யாராவது அழவைத்திருக்க வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்கமாட்டான். அழுதவர் தட்டில் காந்தலைச் சுரண்டிப் போடுவான், அவ்வளவுதான். பானைச் சோறு என்று காலையிலேயே தெரிந்துவிட்டால் கடைக்குட்டி வேண்டுமென்றே வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டு வருவான்.

“உனக்கு வேணாமாண்ணா?” என்று தங்கை கேட்டதுண்டு.

“எனக்குப் பல்லு கூசும்.”

அதை அவர்கள் நம்பினார்கள். அண்ணன் அழுது யாரும் பார்த்ததும் இல்லை.

தங்கை ஒல்லியாக இருந்ததால் குச்சி. கடைக்குட்டி உருண்டை. பெயர் வைத்தது அண்ணன். இப்போது குச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற உடம்பு. உருண்டை லாரி ஓட்டியே எலும்பும் தோலுமாகிவிட்டான். “ரெண்டு பேரும் பேரை மாத்திக்கிட்டாத்தான் என்ன?” என்று அண்ணி கேலி செய்வாள். கேலி செய்ததெல்லாம் முன்பு. கடந்த நான்கு மாதமாக அண்ணி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அண்ணன் வெல்டர். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில், பாதி முடிந்த இரும்புக் கதவின்மேல் முகமூடியோடு சாய்ந்தான். வலது கை போனது, வலது கால் போனது, பேச்சு போனது. எல்லாவற்றையும்விடத் தொண்டை போனதுதான் வீட்டைக் கவிழ்த்துப் போட்டது. மருத்துவமனையில் விழுங்கப் பழக்குகிற பெண் ஒருத்தி அண்ணியையும் குச்சியையும் உட்காரவைத்துப் புரியவைத்தாள்.

“எதைக் கொடுத்தாலும் அரைச்சு, வடிகட்டி, தேன் பதத்துல கொடுங்க. தலை நிமிர்ந்து உக்காரணும், மோவாய் கீழ இருக்கணும். கட்டியா ஒரு துண்டு போச்சுன்னா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போயிடும்.”

“இருமினா தெரிஞ்சுடும்ல?” என்று கேட்டாள் அண்ணி.

“இவருக்கு இருமல் வராது. அதுதான் ஆபத்து. சத்தமே இல்லாம போயிடும்.”

அழுகையைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். அண்ணன் எதற்கெடுத்தாலும் அழ ஆரம்பித்திருந்தான். கரண்டியைக் கண்டால் அழுவான், குழாயில் தண்ணீர் வந்தால் அழுவான், எதிரே யாராவது கண் கலங்கினால் இவன் தேம்பித் தேம்பி அழுவான். “அது துக்கம் இல்லம்மா. நரம்பு தளர்ந்துபோனதால வர்ற அழுகை. பெருசா எடுத்துக்காதீங்க” என்றாள். குச்சி தலையாட்டினாள். ஐம்பது வருடம் அழாத ஒருவன் முகம் கோணி அழுவதைப் பார்த்துக்கொண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று அந்தப் பெண் சொல்லித் தரவில்லை.

மருத்துவமனையில் இருந்தபோது மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். இரண்டு முறை அதைப் பிடுங்கி எறிந்தான். மூன்றாம் முறை போட்டபோது நல்ல கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அண்ணி அதைப் பார்த்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் குழாய் இல்லாமல், அரைத்த கூழைக் கரண்டி கரண்டியாக ஊட்டி மூன்று மாதம் ஓட்டினார்கள். ஆனால் அவன் கூழை வெறுத்தான். இளைத்துக்கொண்டே போனான். போன முறை எடை பார்த்தபோது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: வரும் திங்கட்கிழமைக்குள் ஒரு கிலோவாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் குழாய்தான்.

திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

அந்த வியாழக்கிழமை பகலெல்லாம் மழை. குச்சி வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மழைநாளில் மூச்சு முட்டும். விடுதிகள், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்து எடுக்கிற வேலை. இந்தப் பக்கம் இரண்டு பேர் முனைகளை இழுத்துப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் சூடாக வருவதை வாங்கி மடிப்பவள் குச்சி. பத்தொன்பது வருடமாக மடிக்கிறாள். அன்று ஒரு விரிப்பு உருளையில் சிக்கிக்கொண்டது. கருகல் வாசம் வந்தது, அவள் மூக்குக்கும் அது எட்டியது. சிவப்புக் கட்டையை அழுத்தி நிறுத்த வேண்டியவள் நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கிலோவுக்கு என்ன கொடுக்கலாம் என்பதில்தான் மனம் இருந்தது. பின்னாலேயே வந்த விரிப்புகளும் அடுத்தடுத்துப் பழுப்பேறி வெளியே வந்தன.

மேற்பார்வைக்காரப் பெண்ணுக்கு இவள் மகள் வயதுகூட இருக்காது. எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “பாட்டி, தூங்குறதா இருந்தா வீட்டுல போய்த் தூங்குங்க. இங்க மெஷின் ஓடுது.”

யாரோ சிரித்தார்கள். குச்சி கருகியதையெல்லாம் தனியாக மடித்து வைத்தாள். அதையும் ஓரம் சேர்த்துத்தான் மடித்தாள்.

வேலை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனபோது வாசலில் பெரிய செருப்பு கிடந்தது. உருண்டை வந்திருக்கிறான். சரக்கு இறக்கிவிட்டு நேரே வந்தவன், மழை ஈரம் காயாத சட்டையோடு அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

“வாக்கா. நனைஞ்சுட்டியா?”

“நான் என்ன சக்கரையா, கரைஞ்சுபோக?” என்றாள் குச்சி. குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அண்ணி அங்கே கூழை வடிகட்டிக்கொண்டிருந்தாள். “காலையிலேருந்து மூணு கரண்டி. அதுக்கு மேல வாயத் திறக்கமாட்டேங்கிறார். நான் என்னதான் பண்றது சொல்லு? கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கும் அழறார்.”

“பானைச் சோறு வைக்கட்டுமா அண்ணி?”

“வச்சு?”

“கிழங்கையும் சோத்தையும் அரைச்சுக் குடுத்துப் பாப்போம். அவன் பழகின ருசி. நாக்குக்குத் தெரியும்ல.”

அண்ணி யோசித்தாள். “வை. எதை வச்சாவது உள்ள போனா சரி.”

அடி கனத்த பானை பரணில் இருந்தது. உருண்டை ஏறி எடுத்துக் கொடுத்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது குச்சிக்குக் கண்ணீர் வந்தது. வெங்காயம் நறுக்கி முடித்த பிறகும் நிற்கவில்லை. கூடத்துக்கு முதுகைக் காட்டியபடி, முந்தானையால் துடைத்துத் துடைத்து வதக்கினாள். கூடத்தில் சாய்வு நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தால் அடுப்படி முழுக்கத் தெரியும்.

வாசம் திரும்பியது. அவள் எண்ணத் தொடங்கினாள். கூடத்திலிருந்து உருண்டையும் சேர்ந்து எண்ணினான். “எண்பத்தொண்ணு, எண்பத்திரெண்டு… அக்கா, நீ வேகமா எண்ணுறே. அண்ணன் இப்படி எண்ணமாட்டான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூச்சு விடுவான்.”

“சரிடா பெரிய மனுஷா, நீயே எண்ணு.”

வீட்டில் நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் யாரோ சிரித்தார்கள்.

மேல் சோற்றையும் கிழங்கையும் எடுத்து வெந்நீர் விட்டு அரைத்து அண்ணி வடிகட்டினாள். அண்ணன் இரண்டு கரண்டி வாங்கினான். மூன்றாவதற்கு உதட்டை இறுக்கிக்கொண்டான். ருசி ஒன்றாக இருக்கலாம், ஆனால் வாய்க்குள் போனது அந்தச் சோறில்லை. வெள்ளையாக, வழுவழுவென்று, கூழ்தான். அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“நான் குளிச்சிட்டு வந்துடறேன். நேத்தும் குளிக்கல. பாத்துக்கோங்க.”

குளியலறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. குச்சி பானையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, தம்பிக்கும் தனக்கும் தட்டுப் போட்டாள். கரண்டியால் அடியைச் சுரண்டினாள். காந்தல் உடையாமல் முழுசாக வந்தது, நல்ல பழுப்பு. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது அண்ணன் சத்தம் கொடுத்தான். “ஆங்… ஆங்…”

இடது கை நீண்டது. விரல் பானையைக் காட்டியது. பிறகு தட்டுப் பக்கம் திரும்பியது. மறுபடியும் பானை, மறுபடியும் தட்டு. முகம் கோணிக்கொண்டு கண்ணீர் கொட்டியது.

“அக்கா!” என்றான் உருண்டை. “காந்தல் கேக்கறான்.”

“தெரியுது.”

“அழறான்க்கா. அழுதவங்களுக்குத்தானே? நம்ம கணக்குல அவனுக்குத்தானே வரணும்? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவன் எடுத்துக்கிட்டதில்ல.”

“கட்டியா குடுக்கக் கூடாதுடா. அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு.”

“அந்தப் பொண்ணா வந்து இவன் பட்டினியைப் பாக்குது? திங்கக்கிழமை எப்படியும் குழாய் போட்டுக் கையைக் கட்டப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாய்க்கா. ஒரே ஒரு வாய். வெந்நீர்ல ஊறவச்சுத் தர்றேன்.”

குச்சி குளியலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உருண்டை கேட்டிருப்பான். அக்கா சொல்லை அவன் மீறியதில்லை. அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை. அண்ணனின் விரல் இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.

நகத்தளவு ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து உருண்டை அவன் உதட்டருகே கொண்டுபோனான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

“பயப்படறான்” என்றான் உருண்டை. “பயப்படாதண்ணா. நாங்க இருக்கோம்ல. தலையைக் குனி. அப்படித்தான். உன் காந்தல்ணா இது. பல்லு கூசுதுன்னு இனிமே எங்களை ஏமாத்த முடியாது.”

அண்ணன் தம்பியைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

மெல்ல மென்றான். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. “இன்னொண்ணு” என்றான் உருண்டை. அதுவும் போனது. அப்புறம் ஒன்று. உருண்டை தன் நனைந்த சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். குச்சியும் சிரித்தாள். அண்ணன் அழுகையை நிறுத்தாமல் மென்றுகொண்டிருந்தான். குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றபோது தட்டு கழுவி வைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை காலை காய்ச்சல் அடித்தது. மதியத்துக்குள் மூச்சு கொதிக்கிற தண்ணீர் போலச் சத்தம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் அடியில் எதுவோ போயிருக்கிறது, புண்ணாகியிருக்கிறது என்றார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அண்ணி கூழைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்தாள். குச்சி அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வந்தது. எடை பார்க்க யாரும் கேட்கவில்லை. மூக்கில் குழாய் ஏறியது. நல்ல கையில் பருத்தி உறை மாட்டி, மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டினார்கள். இனி வாய்வழி எதுவும் கிடையாது, எப்போது என்றும் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்.

உருண்டை செவ்வாய்க்கிழமை ஓடி வந்தான். நீண்ட நடையில், சுவரோரம் போட்ட இரும்பு பெஞ்சில் அண்ணியும் குச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அண்ணியின் முன்னால் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னான். மூன்று துண்டு என்றான். நகத்தளவு என்றான். காந்தல் அழுதவருக்குத்தானே, அதனால் கொடுத்தேன் என்றான். அடி வாங்கத் தயாராக நிற்கிறவன் மாதிரி நின்றான்.

அண்ணி அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “போய் டீ குடிச்சிட்டு வா. முகத்தைப் பாரு, நாலு நாளா தூங்காத மாதிரி” என்றாள்.

தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்து போனது. அதில் மடித்த வெள்ளை விரிப்புகள். மடிப்பைப் பார்த்ததுமே தன் சலவைக்கூடத்தில் மடித்தது என்று குச்சிக்குத் தெரிந்தது.

“காந்தல் அழுதவங்களுக்குன்னு உங்க வீட்டுல ஒண்ணு இருக்கா?” அண்ணி கேட்டாள்.

“உங்ககிட்ட அவன் சொன்னதில்லையா அண்ணி?”

“அவர் என்னைக்கு எதைச் சொன்னார்? கல்யாணமான புதுசுல ஒருநாள் எங்க வீட்டு நெனப்பு வந்து அழுதுட்டிருந்தேன். ஏன்னு கேக்கல. சட்டியில ஒட்டியிருந்ததைச் சுரண்டி என் தட்டுல போட்டுட்டுப் போயிட்டார். என்னடா இது, தீஞ்சதையெல்லாம் பொண்டாட்டி தலையில கட்டறாரேன்னு எனக்கு ஒரே ஆத்திரம்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “அப்புறமும் எத்தனையோ தடவை. அவருக்குன்னு நான் எடுத்து வச்சாலும் தொடமாட்டார். இந்தப் பக்கம்தான் தள்ளுவார்.”

குச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நீ ஏன் அழுதே?” அண்ணி கேட்டாள்.

“நானா?”

“அடுப்படியில. முகம் வீங்கியிருந்துச்சு. என்ன ஏதுன்னு கேக்கணும்னு நெனச்சேன். இந்த மனுஷனோட பாட்டுல மறந்தே போச்சு. வேலை பாக்குற இடத்துல ஏதாவதா?”

“ஆமா அண்ணி. சின்ன விஷயம்.”

“அவர் உன்னையேதான் பாத்துட்டிருந்தார்.”

குச்சிக்கு அந்த விரல் கண்முன் வந்தது. பானை. பிறகு தட்டு. பானை. பிறகு தட்டு. எந்தத் தட்டு? கூடத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று தம்பிக்கு முன்னால், ஒன்று அவளுக்கு முன்னால். உருண்டை ஊட்டப்போனபோது அண்ணன் தலையை ஆட்டினான். பயம் என்றான் உருண்டை. பிறகு அவன் தம்பியை அவ்வளவு நேரம் பார்த்தான். பார்த்துவிட்டு, சரி, நீ ஆசையாகக் கொடுக்கிறாய் என்பதற்காகத்தான் வாயைத் திறந்தான். அப்படித்தானா? அப்படி இல்லாமலும் இருக்கலாம். பசியில் கேட்டிருக்கலாம். ஆசையில் கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. கேட்டால் அவன் அழுவான், அது துக்கமில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

உருண்டை திரும்பி வந்தான். கிளம்ப வேண்டும், சரக்கு ஏற்றிவைத்துக் காத்திருக்கிறார்கள், திரும்பிவரப் பத்து நாளாகும் என்றான். சொல்லிவிட்டும் போகாமல் நின்றான். சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அக்கா, நான் தப்புதான் பண்ணிட்டேன். எனக்குத் தெரியுது. ஆனா ஒண்ணு சொல்லு. அவன்தானே கேட்டான்? அவனா ஆசைப்பட்டுத்தானே கேட்டான்? வண்டி ஓட்டும்போதெல்லாம் அதை நெனச்சுத்தான் ஓட்டறேன். கேட்டதைக் குடுத்தோம், அதுவாவது மிச்சம்னு.”

அண்ணி பைக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

“அவன்தான்டா கேட்டான்” என்றாள் குச்சி. “நான் பாத்தேன்ல. அவன்தான் கேட்டான்.”

“அப்படித்தானே?”

“வேற யாரு? நீ கவலைப்படாம போ. மழையில பாத்து ஓட்டு.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான். நடையின் கோடிவரை போய்த் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு மறைந்தான்.

மணி அடித்தது. பார்வையாளர்களை உள்ளே விடுகிற நேரம். அரை மணிதான் விடுவார்கள். அண்ணி எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள்.

“வா, போலாம்.”

“நீங்க போங்க அண்ணி. நான் முகம் கழுவிட்டு வர்றேன்.”

“சீக்கிரம் வா. உன்னைத்தான் தேடுவார்.”

நடைக் கோடியில் ஒரு குழாய் இருந்தது. குச்சி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். துடைத்தாள். கண்ணாடி இல்லாததால் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண் ஈரமாக இருந்தால் அவன் பார்த்துவிடுவான். பார்த்தால் அந்த உறை போட்ட கையை இழுப்பான். மறுபடியும் கழுவினாள். மறுபடியும் துடைத்தாள். கதவுவரை போனாள், நின்றாள், குழாய்க்குத் திரும்பி வந்தாள்.

உள்ளேயிருந்து அண்ணி ஒருமுறை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். இதோ வந்துவிட்டேன் என்று கை காட்டினாள் குச்சி. குழாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அரை மணி முடிந்து, வெளியே வருகிறவர்களுக்காகக் கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.